தலைவர் இல்லாத அட்டவணை

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நிறைவேறியது. ரேஷன் அட்டை வழங்குவதைப் பொறுத்தவரை, 18 வயது நிரம்பிய பெண்களுள் மூத்தவரே குடும்பத் தலைவர் என்று அதன் 13ஆம் பிரிவு விதித்தது. கேரளம் அச்சட்டத்தை 2016 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2017 ஜூன் முதல் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என நான்கு நிறங்களில் புதிய அட்டைகள் வழங்கப்பட்டன. அதுவரை பெரும்பாலும் ஆண்களின் பெயர் இருந்த இடத்தில் பெண்களின் பெயர் வந்தது. பெண்ணுரிமை நோக்கில் இம்மாற்றம் பலரால் பேசப்பட்டது. தரவை ஒழுங்குபடுத்தும் கலையின் வரலாற்றிலும் அது ஒரு சிறிய சோதனை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஐம்பது வயதான ஒருவர், அவர் மனைவி, அவருடைய தாய், இரண்டு மகன்கள், ஒரு மருமகள், ஒரு பேரன் என ஏழு பேர். பழைய அட்டையில் அவர் தலைவர். மற்ற ஆறு பேருக்கும் எதிரே அவரோடு அவர்களுக்குள்ள உறவு எழுதப்பட்டிருக்கும். புதிய சட்டப்படி மூத்த பெண்ணான தாய் தலைவராகிறார். முன்னாள் தலைவர் 'மகன்' ஆகிறார்; மனைவியாக இருந்தவர் 'மருமகள்' ஆகிறார்; மகன்கள் இருவரும் 'பேரன்'; மருமகள் 'பேரனின் மனைவி'; பேரன் 'கொள்ளுப்பேரன்'. ஏழு நிரைகளிலும் உறவு என்னும் நிரல் திருத்தப்பட வேண்டும். ஆனால் அந்த வீட்டில் யாரும் பிறக்கவில்லை, இறக்கவில்லை, மணம் செய்துகொள்ளவில்லை. எந்த உறவும் மாறாதபோதே எல்லா உறவும் மாற்றி எழுதப்படுகின்றன. அந்தத் தாய் மறைந்தால் ஏழில் எஞ்சிய ஆறும் மறுபடியும் திருத்தம் பெறும். வயது நிரம்பாத பெண் மட்டும் உள்ள வீட்டில், மூத்த ஆண் தற்காலிகத் தலைவராக இருப்பார். அச்சிறுமிக்கு 18 வயதானதும் அவளே தலைவர் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அந்தப் பிறந்தநாளிலும் ஒரு நிரல் முழுவதும் பழையதாகிவிடும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று அந்த நிரலுக்குள் மறைந்திருக்கிறது. மகன்கள் இருவர், மருமகள் ஒருவர், பேரன் ஒருவன். அந்தப் பேரன் எந்த மகனின் பிள்ளை? மருமகள் யாருடைய மனைவி? அட்டை சொல்லாது. ஒவ்வொருவரும் தலைவருக்கு என்ன முறை என்பது மட்டுமே பதிவாகியுள்ளது. தலைவரைத் தவிர்த்த இருவருக்கு இடையிலுள்ள உறவு எங்கும் இல்லை. எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சென்று முடிகின்றன.

இன்று கணினியியல் மாணவர்களுக்கு முதல் ஆண்டுகளிலேயே தரப்படும் பயிற்சி ஒன்று இதற்கு நேர் எதிரானது. ஒரு சமூக வலைத்தளத்தின் பயனர்களிடையே உள்ள நட்பைச் சேமிக்க ஓர் அட்டவணை அமைக்க வேண்டும். பின்னர் அதில் வினவ வேண்டும். விடை மிக எளியது: இரண்டே நிரல்கள். ஒன்றில் ஒருவரின் அடையாள எண், மற்றொன்றில் இன்னொருவரின் அடையாள எண். ஒரு நிரை ஒரு நட்பு. இதில் தலைவரும் இல்லை, தொடங்குமிடமும் இல்லை. இந்த எளிமை எட்டப்பட எவ்வளவு காலம் ஆயிற்று என்பதும், எட்டிய பிறகு அது எவ்வளவு எளிதல்ல என்று தெரிந்ததும் தனித்த வரலாறு. அவ்வரலாற்றைத் திருவனந்தபுரத்திலிருந்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. தலைவரை மையமாகக் கொண்ட உறவுப் பதிவு, வாழ்க்கையோடு பொருந்தாமல் மிக வெளிப்படையாக முறிந்த இடங்களுள் பழைய திருவிதாங்கூரும் ஒன்று.

குடும்பத் தலைவருடனான உறவைக் கேட்கும் வழக்கம் பிரிட்டனின் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெற்றது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கணக்கெடுப்பான 1951இன் வினாத்தாளில் பெயருக்கு அடுத்தபடியாக அதே கேள்வி நின்றது. திருவிதாங்கூர் தன் முதல் முறையான கணக்கெடுப்பை 1875இல் நடத்தியது. அதன் அறிக்கையை எழுதியவர் வி. நாகமய்யா. 23,11,379 பேர் எண்ணப்பட்டனர். வீடு வீடாகத் தலைகளை எண்ணுவதில் பெரிய சிக்கல் இல்லை. 'குடும்பம்' என்று எதை அழைப்பது என்பதில்தான் சிக்கல்.

மருமக்கத்தாய முறையைப் பின்பற்றிய நாயர் தறவாட்டில் ஒரு பெண்ணும், அவளுடைய பிள்ளைகளும், அவளுடைய சகோதர சகோதரிகளும், சகோதரிகளின் பிள்ளைகளும் உறுப்பினர். நிருவாகம் மூத்த ஆணான காரணவரிடம். பிள்ளைகளின் தந்தை அந்தத் தறவாட்டின் உறுப்பினர் அல்லர். அவர் தம் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர். ஆக, காரணவரைத் தலைவராகக் கொண்டு ஒரு தறவாட்டின் உறுப்பினர் பட்டியலை எழுதினால் தந்தை என்னும் மனிதர் அதில் எங்கும் வரமாட்டார். அவர் வேறொரு பட்டியலில், வேறொரு காரணவருக்கு மருமகனாக நிற்பார். ஆணையும் பெண்ணையும் இணைத்த 'சம்பந்தம்' என்னும் உறவு இரண்டு பட்டியல்களுக்கு நடுவே கிடந்தது. எந்தப் பட்டியலிலும் அதற்கு நிரை இல்லை.

இது ஏட்டளவிலான குறையன்று. சொத்து, சீவனாம்சம், ஈமக்கடன் என அனைத்தும் பட்டியலைச் சார்ந்தே நின்றன. மலபாரில் 1896இல் இயற்றப்பட்ட திருமணச் சட்டம், விரும்புவோர் தம் சம்பந்தத்தைப் பதிந்துகொள்ளலாம் என்றது. மிகச் சிலரே பதிந்தனர். திருவிதாங்கூரில் 1912இன் நாயர் சட்டம் சம்பந்தத்தைச் சட்டப்படியான திருமணமாக ஏற்றது. 1925இன் சட்டம் தறவாட்டுச் சொத்தைத் தனிநபர் கணக்கில் பங்கிட வழிவிட்டது. மறு ஆண்டே நாஞ்சில் நாட்டு வேளாளருக்கான சட்டம் வந்தது. தமிழ் பேசிய நாஞ்சில் வேளாளரும் மருமக்கள் வழியைப் பின்பற்றியவர்கள் என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் அங்கத நூலை 1917-18இல் 'தமிழன்' இதழில் தொடராக எழுதினார். அதில் பேசுபவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. கணவனின் குடும்பக் கணக்கில் இடமில்லாத ஒருத்தியின் வாயிலாகக் கதை சொல்லப்பட்டது தற்செயலான உத்தி அன்று. பட்டியலுக்கு வெளியே நிற்பவளுக்கே பட்டியலின் முழு வடிவம் தெரிந்தது. கேரளக் கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் இந்த நெடிய வழக்கு சட்டநூலில் முடிவுற்றது.

பதிவேட்டின் கண்ணால் பார்த்தால் 'மருமகன்' என்ற ஒரு சொல்லே போதும், சிக்கலின் ஆழத்தைக் காட்ட. தமிழிலும் மலையாளத்திலும் அது ஓர் ஆணுக்குச் சகோதரியின் மகனையும் குறிக்கும், மகளின் கணவனையும் குறிக்கும். முறைப்பெண்ணை மணக்கும் வழக்கமுள்ள குடும்பத்தில் இருவரும் ஒருவராகவே இருக்கலாம் என்பதால் அச்சொல் அங்கே முரண்படுவதில்லை. மருமக்கத்தாயத்தில் முதலாமவன் வாரிசு, இரண்டாமவன் வெளியாள். நிரலில் 'மருமகன்' என்று மட்டும் எழுதி வைத்தவர், வாரிசையும் வெளியாளையும் பிரிக்கும் தகவலை எழுதாமலே விட்டுவிட்டார். உறவுச்சொல் என்பது ஒரு பாதையின் சுருக்கம். சுருக்கத்தை மட்டும் சேமித்தால் பாதையை மீட்டெடுக்க முடியாது.

சொல்லைச் சேமிப்பதா, பாதையைச் சேமிப்பதா என்ற இக்கேள்வியை மானிடவியல் கணினிக்கு வெகு முன்பே எதிர்கொண்டது. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் உலகின் பல மொழிகளிலிருந்து உறவுச்சொற்களைத் திரட்டி 1871இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வாயிலாகப் பெருநூலாக வெளியிட்டார். அவருடைய அச்சிட்ட வினாத்தாளில் இருநூறுக்கும் மேற்பட்ட உறவுகள் வரிசையாக இருந்தன: தந்தையின் சகோதரியின் மகன், தாயின் சகோதரனின் மகள் என்று. ஆர்க்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தாரே அவருக்குத் தமிழ்ச் சொற்களை அளித்தனர். தமிழரின் உறவுமுறைக்கும் வட அமெரிக்காவின் செனகா மக்களின் உறவுமுறைக்கும் உள்ள ஒற்றுமை அவரை வியப்பில் ஆழ்த்தியது. திராவிட உறவுமுறை என இன்று வழங்கும் ஆய்வுத்துறைக்கு அந்த வியப்பே தொடக்கம். ஆயினும் அட்டவணை என்ற அளவில் மார்கனுடையது விரிந்துகொண்டே போகும் ஒன்று. கணக்கிட்டுப் பெறத்தக்க ஒவ்வொரு உறவுக்கும் அதில் தனி இடம் வேண்டும்.

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் மறுதிசையில் சென்றார். டாரஸ் நீரிணைத் தீவுகளில் பெற்ற பட்டறிவை வைத்து 1900இலும், பின்னர் விரிவாக 1910இலும் அவர் விளக்கிய வம்சாவளி முறையில், ஆய்வாளர் தகவலாளியிடம் பயன்படுத்தும் உறவுச்சொற்கள் ஐந்தே: தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி. அவற்றைக் கொண்டு ஊரையே இணைக்கும் வலையை வரைந்துவிட்டால், மீதமுள்ள எந்த உறவையும் அந்த வலையில் நடந்தே கண்டுபிடிக்கலாம். 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடம் அவர் செய்த ஆய்வு இம்முறையில் அமைந்தது; நூல் 1906இல் வெளியானது. அம்மான் மகள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. தாய் யார், தாயின் பெற்றோர் யார், அவர்களின் ஆண் பிள்ளைகள் யார், அவர்களின் பெண் பிள்ளைகள் யார் என்று நான்கு அடி நடந்தால் போதும். அடிப்படை உண்மைகளைச் சேமி, மற்றதைக் கணக்கிட்டுக்கொள் என்னும் தரவுத்தள வடிவமைப்பின் விதி இங்கே ஏற்கெனவே செயல்பட்டிருக்கிறது. ரிவர்ஸைத் தரவுத்தளத்தின் முன்னோடி என்று அழைப்பது மிகை. ஆனால் இரு துறைகளும் ஒரே தடையை முட்டின, ஒரே பக்கமாகத் திரும்பின.

கணினியில் அந்தத் திருப்பம் 1970இல் நிகழ்ந்தது. அதற்கு முன் பெருந்தரவைச் சேமித்த முறைகளுள் முதன்மையானது மர வடிவம். அப்பல்லோ விண்கலத்தின் எண்ணற்ற பாகங்களைக் கணக்கில் வைக்க 1960களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கத் தொடங்கிய ஐ.எம்.எஸ். அவ்வகையைச் சேர்ந்தது. மேலே ஒரு வேர், கீழே கிளைகள். வேரிலிருந்து இறங்கித்தான் எதையும் அடையலாம். காரணவரிலிருந்து தொடங்கும் தறவாட்டுப் பட்டியலும், தலைவரிலிருந்து தொடங்கும் ரேஷன் அட்டையும் கட்டமைப்பில் இதே மரங்கள்தாம். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய ஆங்கிலேயரான எட்கர் எஃப். காட், 1970 ஜூனில் வெளியான தம் கட்டுரையில் மரத்தின் குறையை எடுத்துக்காட்டினார். ஒரே தகவலை - பாகங்கள், திட்டங்கள், எந்தத் திட்டத்துக்கு எந்தப் பாகம் - ஐந்து வெவ்வேறு வடிவங்களில் அடுக்கலாம். ஒரு வடிவத்துக்காக எழுதிய நிரல்தொடர் மற்றொன்றில் தடுமாறும். தரவைக் கேட்பவர், அது எந்தப் பாதையில் அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்திருக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவர் வாதம்.

அவர் முன்வைத்த மாற்று, கணிதத்தில் 'உறவு' என வழங்கும் கருத்து. தமிழ்நாட்டுப் பள்ளிக் கணிதநூலில் 'உறவுகளும் சார்புகளும்' என்ற அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு அது தெரிந்ததே. இங்கே தமிழ் ஒரு சிறு குழப்பத்தையும் ஒரு சிறு வெளிச்சத்தையும் சேர்த்தே தருகிறது. காட் கூறிய உறவு இரத்த உறவன்று. கணங்களின் உறுப்புகளை இணைத்துப் பெறும் நிரைகளின் தொகுதி. நிரைகளுக்கு வரிசை இல்லை, முதல் நிரை என்று எதற்கும் தனிமதிப்பு இல்லை, வேரும் இல்லை. உறவுசார் தரவுத்தளம் என்னும் பெயர் அதனின்று பிறந்தது.

அந்தக் கட்டுரையின் தொடக்கப் பக்கங்களிலேயே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. அதில் பாகம், பாகம், எண்ணிக்கை என மூன்று நிரல்கள். இந்தப் பாகம் அந்தப் பாகத்தின் உறுப்பு, இத்தனை எண்ணிக்கை வேண்டும் என்பது ஒரு நிரையின் பொருள். முதல் இரண்டு நிரல்களும் ஒரே கணத்திலிருந்து வருகின்றன. எது உட்பாகம், எது மேற்பாகம் என்பதை நிரலின் பெயரில் பாத்திரப் பெயரைச் சேர்த்துத்தான் பிரிக்க முடியும் என்றார் காட். பாகம் என்ற இடத்தில் பயனர் என்று எழுதினால் அதுவே நட்பு அட்டவணை. ஒரு வேறுபாடு மட்டும் எஞ்சுகிறது. சக்கரம் வண்டியின் உறுப்பு. வண்டி சக்கரத்தின் உறுப்பன்று. நட்பில் இந்தத் திசை இல்லை. பாத்திரப் பெயர் கொடுத்துப் பிரிக்க அங்கே இரண்டு பாத்திரங்களே இல்லை.

இந்தச் சமச்சீர்தான் நட்பு அட்டவணையை வடிவமைப்பவரைத் தொல்லைப்படுத்துவது. கபிலனும் மீனாட்சியும் நண்பர்கள் என்ற ஒரே உண்மையை இரண்டு விதமாக எழுதலாம்: கபிலன்-மீனாட்சி, மீனாட்சி-கபிலன். இரண்டையும் அனுமதித்தால் ஒரு நட்பு இருமுறை பதிவாகும். ஒன்றை நீக்கியவர் மற்றொன்று இருப்பதை மறப்பார். ஆகவே ஒரு மரபு, சிறிய அடையாள எண் முதல் நிரலில்தான் வர வேண்டும் என்று கட்டுப்பாடு விதிக்கும். இரண்டு எண்களையும் சேர்த்து முதன்மைத் திறவுகோலாக அறிவித்துவிட்டால் இரட்டிப்புக்கு வழியில்லை. ஆனால் மீனாட்சியின் நண்பர்கள் யார் என்று வினவும்போது அவள் எண்ணை இரு நிரல்களிலும் தேடி, இரண்டு விடைகளையும் ஒன்றாக்க வேண்டும். அடையாள எண் பெரிதாக இருப்பவர், அதாவது பிற்பாடு சேர்ந்தவர், எப்போதும் இரண்டாம் நிரலிலேயே பெரும்பாலும் கிடப்பார் என்பது வேடிக்கையான பின்விளைவு. மற்றொரு மரபு, ஒவ்வொரு நட்பையும் இரண்டு நிரைகளாகவே எழுதிவிடும். தேடல் எளிது, இடம் இரட்டிப்பு, இரண்டு நிரைகளும் எந்நேரமும் ஒத்திருக்க வேண்டும் என்ற கடமை கூடுதல்.

கோட்பாட்டளவில் முதல் மரபே தூயது. நடைமுறையில் பெரிய அமைப்புகள் இரண்டாவதையே நாடின. ஃபேஸ்புக்கின் பொறியாளர்கள் தங்கள் 'டாவோ' என்னும் சேமிப்பமைப்பைப் பற்றி 2013இல் வெளியிட்ட கட்டுரையில், இருதிசைத் தொடர்புகள் நேர், எதிர் என இரண்டு பதிவுகளாகச் சேமிக்கப்படுவதை விளக்கினர். இரண்டும் வெவ்வேறு கணினிகளில் இருக்கக்கூடும். இரண்டும் ஒரே கணத்தில் எழுதப்படும் என்ற உறுதி இல்லை. நடுவே பழுது நேர்ந்தால் ஒரு பக்கம் மட்டுமே எழுதப்பட்ட தொடர்பு தொங்கி நிற்கும். பின்னணியில் இயங்கும் சீர்திருத்தப் பணி பிறகு அதைச் சரிசெய்யும். கபிலனுக்கு மீனாட்சி தோழி, மீனாட்சிக்குக் கபிலன் யாரோ. மனிதரிடையே இது அபூர்வமான நிலையன்று. கணினியில் அதைப் பழுது என்கிறோம்.

நட்புக்கு முந்தைய நிலைக்கோ திசை உண்டு. வேண்டுகோள் விடுத்தவர் ஒருவர், ஏற்க வேண்டியவர் மற்றொருவர். ஒருவரைத் தடைசெய்வதும் ஒருதிசைச் செயலே. எனவே வேண்டுகோளையும் தடையையும் தனி அட்டவணைகளில் வைத்து, நட்பை மட்டும் சமச்சீராக வைப்பது தெளிந்த வடிவமைப்பு. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு 'நிலை' என்று ஒரு நிரலைச் சேர்ப்பவர்கள், ஏற்கப்பட்ட பிறகும் யார் முதலில் கேட்டார் என்ற நினைவைச் சுமந்துகொண்டே செல்கிறார்கள். தலைவரை வெளியேற்றிய அட்டவணைக்குள் ஒரு சிறிய தலைவர் பின்வாசலால் நுழையும் இடம் இது.

உறவுமுறைக்கும் நட்புக்கும் இடையே மேலும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. ரிவர்ஸின் ஐந்து சொற்களிலிருந்து அம்மான் மகளைக் கணக்கிடலாம். எதிலிருந்தும் ஒரு நண்பரைக் கணக்கிட முடியாது. நண்பரின் நண்பர் நண்பராக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணிதத்தின் மொழியில் நட்புக்குக் கடப்புத் தன்மை இல்லை. ஒவ்வொரு நட்பும் தனித்தனியே உள்ளிடப்பட வேண்டிய அடிப்படை உண்மை. கணக்கிடத்தக்கது தொலைவு மட்டுமே.

தொலைவைக் கணக்கிட அட்டவணையை அதனோடே இணைக்க வேண்டும். முதல் படியின் இரண்டாம் நிரலும் இரண்டாம் படியின் முதல் நிரலும் ஒத்துப்போகும் இடங்களைத் திரட்டி, தொடங்கியவரையும் அவருடைய நேரடி நண்பர்களையும் கழித்தால் நண்பரின் நண்பர்கள் கிடைப்பர். மூன்றாம் தொலைவுக்கு இன்னொரு முறை இணைக்க வேண்டும். எத்தனை படி என்று முன்கூட்டியே சொல்லாமல் 'எப்படியாவது இவரை அடைய முடியுமா' என்று கேட்டால், காட் வகுத்த இயற்கணிதத்தால் அக்கேள்வியை எழுதவே இயலாது என்று ஆல்ஃபிரட் ஏஹோவும் ஜெஃப்ரி உல்மனும் 1979இல் நிறுவினர். தன்னையே அழைக்கும் வினவல் எஸ்.க்யூ.எல். மொழியின் தர வரையறைக்குள் 1999இல்தான் வந்தது.

எழுத முடிவதும் இயக்க முடிவதும் வேறு. ஜானதன் ஆப்ரம்ஸ் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ்டர் தளம் 2003இல் பெரும் வரவேற்புப் பெற்றது. பயனர் எவரைப் பார்த்தாலும் அவரோடு தமக்குள்ள தொடர்பு நான்கு படி வரை காட்டப்படும் என்பது அதன் கவர்ச்சி. அதே கணக்கீடு தளத்தை முடக்கியது. பக்கங்கள் திறக்கத் தாமதமாயின, கூட்டம் வேறிடம் சென்றது. காரணத்தைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். 2011இல் ஃபேஸ்புக்கை ஆராய்ந்தோர் 72.1 கோடிப் பயனர்களிடையே ஏறத்தாழ 6,900 கோடி நட்புகளைக் கண்டனர். ஒவ்வொரு நட்பையும் ஒருமுறையே எண்ணிய கணக்கு அது. ஒரு நட்புக்கு இரு முனைகள் என்பதால், சராசரியாக ஒருவருக்கு 190 நண்பர்கள். மீண்டும் மீண்டும் வருபவர்களை நீக்காமல் பெருக்கினால் இரண்டாம் படியில் 36,100, மூன்றாம் படியில் 68 லட்சத்துக்கும் மேல், நான்காம் படியில் 130 கோடி. நான்காம் படிக்குள் எண்ணிக்கை மொத்தப் பயனர்களையே தாண்டிவிடுகிறது. அதே ஆய்வு, எவரேனும் இருவருக்கு இடைப்பட்ட சராசரித் தொலைவு 4.74 என்றது.

ஆர்குட் 2004 ஜனவரியில் தொடங்கி 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. இந்தியாவில் ஒரு தலைமுறை 'ஃபிரெண்ட்' என்பதைப் பதிவு செய்யப்படும் ஒன்றாக அதில்தான் முதலில் கண்டது. திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை, யாரோடு யாருக்குத் தொடர்பு என்ற இரு நிரல் அட்டவணை உயிர்ப்பிரச்சினையாக மாறியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அரசின் கைகளில்.

2018 மே மாதத்தில் கோழிக்கோட்டிலும் மலப்புறத்திலும் நிபா பரவியபோது, நோயாளிகளோடு தொடர்புற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். 2020 ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்ட பின், திருவனந்தபுரத்தில் இயங்கிய மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் அன்றாடச் சொற்களாக 'முதன்மைத் தொடர்பு', 'இரண்டாம்நிலைத் தொடர்பு' ஆகியவை ஆயின. ஒரு படி, இரண்டு படி. நண்பரின் நண்பர் வினவலின் அதே வடிவம். அருகிருத்தல் சமச்சீரானது: நான் உம் அருகில் இருந்தால் நீர் என் அருகில் இருந்தீர். நோய் கடந்த திசையோ ஒன்று. ஆகவே அந்த அட்டவணைக்கு இரு நிரல்கள் போதா. நாளும் நேரமும் வேண்டும். நேரம் இல்லாத தொடர்புப் பட்டியல், நோய் தொற்றுவதற்கு முன் சந்தித்தவரையும் தனிமையில் அடைத்துவிடும்.

அதிகாரிகள் நோயாளிகளின் வழித்தட வரைபடங்களை வெளியிட்டனர். இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்தக் கடையில் அல்லது இந்தப் பேருந்தில் என்ற பட்டியல் அது. அதில் ஆளுக்கும் ஆளுக்குமான தொடர்பு எழுதப்படவில்லை. ஆளும் இடமும் நேரமும் மட்டுமே உண்டு. வாசித்தவர் தம் நினைவிலுள்ள மற்றொரு பட்டியலோடு அதை இணைத்துப் பார்த்து, தாமும் அங்கிருந்தோம் என்று தாமே முன்வந்து தெரிவிக்க வேண்டும். இணைப்பைச் செய்தவர் குடிமகன், கணினியன்று.

2020 ஆகஸ்டில் இந்நிலை மாறியது. தொடர்புகளைக் கண்டறியும் பொறுப்பு காவல்துறைக்கு வந்தது. நோயாளிகளின் அழைப்பு விவரப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பெறக் காவல்துறை முற்பட்டது. அழைத்தவர், அழைக்கப்பட்டவர், நேரம் என அமையும் அப்பதிவு ஒருவரின் நட்பு வட்டத்தை அவர் அறிவிக்காமலே வரைந்து காட்டும் அட்டவணை. தொலைபேசியில் பேசினால் நோய் பரவாது என்பதால் அது தேவைக்கு மீறியதாகவும் இருந்தது. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். யார் யாரோடு பேசினர் என்பது தேவையில்லை, கைப்பேசி எந்தக் கோபுரத்தின் எல்லையில் இருந்தது என்ற விவரம் மட்டுமே போதும் என்று அரசு தெரிவித்தது. நீதிமன்றம் அதை ஏற்றது.

பேசியவர்களின் நிரல் நீக்கப்பட்டது. எஞ்சியது ஆள், கோபுரம், நேரம். நட்பு அட்டவணையில் பயின்ற மாணவர் எவரும் அடுத்த அடியை அறிவர். ஒரு நோயாளியின் பதிவு மட்டும் இருந்தால் அது அவருடைய வழித்தடம். பல நோயாளிகளின் பதிவுகள் ஓரிடத்தில் சேர்ந்தால், அந்த அட்டவணையைக் கோபுரத்தின் பெயராலும் நேரத்தாலும் அதனோடே இணைக்கலாம். ஆளும் ஆளும் என்ற இரண்டு நிரல்கள் மறுபடியும் கிடைக்கும். சாலை கம்போளத்தின் மேல் நிற்கும் ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் ஒரே மணி நேரத்தில் 300 பேரின் பதிவுகள் இருந்தால், அந்த இணைப்பு 44,850 இணைகளைத் தரும். அவற்றுள் எத்தனை பேர் ஒருவரையொருவர் பார்த்தனர், எத்தனை பேர் ஒரே தெருவின் இரு முனைகளில் முதுகு காட்டி நடந்து சென்றனர் என்பதற்கு அந்த அட்டவணையில் நிரல் இல்லை.